மலிவுத் துப்பாக்கிக்கு வந்த மவுசு

அன்று ஒன்றிரண்டு டாலருக்கு விற்ற ரிம்ஃபயர் ரிவால்வர்களை அமெரிக்கா குப்பை என்று இகழ்ந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இகழ்ச்சிக்கும் தேடலுக்கும் காரணம் ஒன்றே: மலிவு.

அமெரிக்காவில் சனி, ஞாயிறுகளில் பெரிய கூடங்களை வாடகைக்கு எடுத்துத் துப்பாக்கிச் சந்தை நடத்துவார்கள். கூட்டம் முதலில் மொய்ப்பது கோல்ட், வின்செஸ்டர் போன்ற பிரபலப் பெயர்கள் இருக்கும் மேஜைகளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் விரித்து, விளக்கு போட்டு வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்க்கக் கடைக்காரரின் அனுமதி வேண்டும். சற்றுத் தள்ளி, சில்லறைச் சாமான்களோடு சாமானாக, ஒரு தட்டில் ஏழெட்டுக் குட்டி ரிவால்வர்கள் கிடக்கும். அதன் முன்னால் ஒருவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருப்பார்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான் அது. நிக்கல் முலாம் வெயிலில் உரிந்த தோல் போல ஆங்காங்கே பெயர்ந்திருக்கும். விரலால் இழுக்கும் விசையைச் சுற்றி வழக்கமாக இருக்கும் இரும்பு வளையம் இருக்காது. விசை மட்டும் குருவி மூக்கு மாதிரி துருத்திக் கொண்டிருக்கும். குழலின் மேல்பட்டையில் ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும்: டைகூன், ரெட் ஜாக்கெட், ஸ்வாம்ப் ஏஞ்சல், டிராம்ப்ஸ் டெரர். பெரும்பாலும் செய்தவரின் பெயர் இருக்காது. விலை நூறு, இருநூறு டாலர். பேரம் பேசினால் இன்னும் குறையும்.

2021 ஆகஸ்டில் ஓர் ஏலத்தில் ஒரு பழைய கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை 1881இல் பாட் காரெட் என்ற ஷெரீஃப் சுட்டது அதனால்தான். அந்த விலை கொடுக்கக்கூடியவர்கள் உலகில் எத்தனை பேர்? சம்பளக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், தபால்தலை சேகரித்து அலுத்துப்போனவர் ஆகியோருக்கு எட்டுகிற நூற்றாண்டுப் பழமை இந்தத் தட்டில்தான் கிடக்கிறது. 

ஆனால் விலை மட்டுமே கவர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. கோல்ட் ரிவால்வர் ஷெரீஃப்களின் கதையைச் சொல்கிறது. இந்தக் குட்டி ரிவால்வர் மளிகைக்கடைக்காரர், விதவை, பால்காரர், சைக்கிளில் வேலைக்குப் போன குமாஸ்தா ஆகியோரின் கதையைச் சொல்கிறது. கைத்துப்பாக்கி என்பது படை வீரனுக்கும் பணக்காரனுக்கும் உரியது என்ற நிலை மாறி, எவர் வீட்டு மேஜை இழுப்பறையிலும் இருக்கலாம் என்று ஆனது இவற்றால்தான். அமெரிக்கா இன்றும் விடை காணாத ஒரு கேள்வியும் இவற்றோடுதான் பிறந்தது. 

விளிம்பில் இருக்கும் மருந்து

1850களில் ஒரு ரிவால்வரை நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடித்து, பின்பக்கம் ஒரு செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். மழையில் நனைந்தால் மருந்து வீண். அவசரத்துக்கு உதவாது.

பாரிசைச் சேர்ந்த லூயி ஃப்ளோபேர் 1845 வாக்கில் ஒரு வழி கண்டார். தொப்பியின் வாயிலேயே சின்ன ஈயக் குண்டைப் பொருத்திவிட்டார். வீட்டுக்குள் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு அது போதும். அந்த யோசனையை வளர்த்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தொழில் செய்த ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். 1857இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘மாடல் 1’ ரிவால்வர் ஏழு தோட்டா பிடிக்கும். அதற்கென்றே செய்த தோட்டாதான் இன்று ‘.22 ஷார்ட்’ என்று அழைக்கப்படுகிறது.

தோட்டாவின் தொழில்நுட்பம் எளியது. செப்புத் தகட்டை ஒரு பக்கம் மூடிய குழாயாக இழுத்து, அடிப்பாகத்தை வெளியே பிதுக்கி ஒரு விளிம்பு உண்டாக்குவார்கள். அந்த விளிம்பின் மடிப்புக்குள் அடிபட்டால் வெடிக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். ரிவால்வரின் சுத்தியல் விளிம்பை நசுக்கும். மருந்து பொறி விடும். உள்ளே இருக்கும் கரிமருந்து எரிந்து குண்டைத் தள்ளும். விளிம்பில் அடி, அதனால் வெடி. ரிம்ஃபயர் என்ற பெயருக்குப் பொருள் அவ்வளவுதான். 

முதல் தோட்டாவில் இருந்த கரிமருந்து கால் கிராம் அளவு. குண்டின் எடை 2 கிராமைத் தொடாது. போர்க்களத்தில் இதை வைத்து எதிரியின் குதிரையைக்கூட நிறுத்த முடியாது. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. வயிற்றில் ஒரு சின்ன ஈயத்துண்டு நுழைந்தாலும் உள்ளே சீழ்ப்பிடித்துச் சாவதற்கான வாய்ப்பு அதிகம். எதிரே இருப்பவனுக்கும் அது தெரியும். சட்டைப்பையில் இருந்து எடுத்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் சிப்பாய்கள் சொந்தக் காசில் இவற்றை வாங்கினார்கள். .32 அளவில் சற்றுப் பெரிய ‘மாடல் 2’ ரிவால்வரும் அந்த ஆண்டு வந்தது. தொழிற்சாலையால் கேட்ட அளவுக்குச் செய்துகொடுக்க முடியவில்லை. மாடல் 1இன் மூன்று வகைகளும் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றன.

ஓட்டைக்கு ஒரு காப்புரிமை

இவ்வளவு கிராக்கி இருந்தும் மற்ற தொழிற்சாலைகள் ஏன் கைகட்டி நின்றன? காரணம் ஒரு காப்புரிமை. தோட்டாவைப் பின்பக்கமாகச் செருக வேண்டுமானால் சிலிண்டரின் அறைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளையிடப்பட்டிருக்க வேண்டும். இந்தத் துளைக்கு 1855 ஏப்ரல் 3 அன்று காப்புரிமை வாங்கியிருந்தவர் ரோலின் ஒயிட் என்ற துப்பாக்கித் தொழிலாளி. ஸ்மித்தும் வெஸ்ஸனும் அவரைத் தேடிப் போனார்கள். செய்யும் ஒவ்வொரு ரிவால்வருக்கும் 25 சென்ட் தருவதாக ஒப்பந்தம். அதில் ஒரு கொக்கியும் இருந்தது: காப்புரிமையை யாராவது மீறினால் வழக்கு நடத்தும் செலவு ஒயிட்டுடையது.

மீறினார்கள். ஒயிட்டும் வழக்கு மேல் வழக்கு போட்டார். ஈதன் ஆலன் என்ற பழம்பெரும் துப்பாக்கித் தயாரிப்பாளருக்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் ஒயிட்டுக்குச் சாதகமான கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. சிலர் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலிண்டரின் முன்பக்கமாகச் செருகும் விசித்திரத் தோட்டாக்களைக் கண்டுபிடித்தார்கள். அவை இன்று சேகரிப்பாளர்களுக்குத் தனிச் சுவை.

1869இல் காப்புரிமை காலாவதியானது. ஒயிட்டுக்குக் கிடைத்த ராயல்டி சுமார் 71,000 டாலர். அதில் பெரும்பகுதியை வக்கீல்கள் தின்றுவிட்டார்கள். இன்னும் சில ஆண்டு நீட்டிக்கும் வழிவகைக்காக அவர் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார். மசோதா நிறைவேறியது. ஆனால் 1870 ஜனவரியில் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டார். உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர் கிராண்ட். இந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசுக்குச் சங்கடம் நேர்ந்தது என்பது ராணுவத் தளவாடத் துறையின் வாதம். ஓட்டைக்கு இருந்த பூட்டு உடைந்தது. மலிவு ரிவால்வர்களின் வெள்ளம் புறப்பட்டது.

பெயர் சொல்லாத பிள்ளைகள்

வெள்ளத்தின் ஊற்றுக்கண் இரண்டு ஊர்கள். ஒன்று மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர். மற்றது கனெக்டிகட்டில் உள்ள நார்விச். வழக்கில் தோற்ற ஈதன் ஆலன் 1871இல் இறந்தார். அவரது மருமகன்கள் இருவரும் ‘ஃபோர்ஹண்ட் அண்டு வாட்ஸ்வொர்த்’ என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு மாமனாருக்கு மறுக்கப்பட்ட தொழிலை வூஸ்டரில் பெருக்கினார்கள். நார்வேயிலிருந்து குடியேறிய ஐவர் ஜான்சன் ஒரு கூட்டாளியோடு அதே ஊரில் பட்டறை போட்டார். ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சன் நிறுவனத்துக்கும் வூஸ்டர்தான் பிறந்த ஊர். நார்விச்சில் ஹாப்கின்ஸ் அண்டு ஆலன். தையல் இயந்திரம், பூட்டு, கடிகாரம் என்று ஒரே மாதிரி உதிரிபாகங்களை ஆயிரக்கணக்கில் வார்த்தும் கடைந்தும் பழகிய தொழிலாளர்கள் அந்தப் பகுதியில் ஏராளம்.

சிக்கனம் எங்கெல்லாம் சாத்தியமோ அங்கெல்லாம் செய்தார்கள். சட்டம் வார்ப்பிரும்பு. விசைக்கு வளையம் கிடையாது. சுட்ட தோட்டாக்களை வெளியே தள்ளத் தனிக் கருவி கிடையாது. சிலிண்டர் சுழலும் அச்சுக்கம்பியை உருவி, சிலிண்டரைக் கழற்றி, அதே கம்பியால் காலித் தோட்டாக்களைக் குத்தித் தள்ள வேண்டும். மட்டமான இரும்பை மறைக்க மேலே பளபளவென்று நிக்கல் முலாம். நம்மூர்த் திருவிழாக் கடையில் தகரத்துக்கு வெள்ளி நிறம் பூசி விற்கும் அதே சூட்சுமம்.

பெயர் விஷயத்திலும் தந்திரம் இருந்தது. மட்டமான சரக்கில் சொந்தப் பெயரைப் பொறிக்க நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை. மொத்த வியாபாரிகளும் தங்களுக்கென்று தனிப் பெயர் கேட்டார்கள். எனவே ஒரே அச்சில் வார்த்த துப்பாக்கி ஒரு கடையில் ஒரு பெயரிலும் அடுத்த கடையில் வேறு பெயரிலும் விற்றது. ஐவர் ஜான்சனின் பட்டறை டைகூன், எக்லிப்ஸ், ஃபேவரிட், ஸ்மோக்கர் என்று வெளியிட்டது. ‘சதுப்பு நில தேவதை’ என்று பொருள்படும் ஸ்வாம்ப் ஏஞ்சல், ஃபோர்ஹண்ட் மருமகன்களுடையது. டிஃபெண்டர், ராபின் ஹுட், லிட்டில் ஜயண்ட், எர்த்க்வேக் என்று பட்டியல் நூற்றுக்கணக்கில் நீள்கிறது. நாடோடிகளைக் கண்டு நடுங்கிய 1870களின் பொருளாதார மந்தக் காலத்தில் ‘நாடோடிகளுக்கு எமன்’ என்ற பொருளில் டிராம்ப்ஸ் டெரர் வந்தது. அந்தந்தக் காலத்தின் பயமும் பகட்டும் குழலின் மேல் எழுத்தாக நிற்கின்றன. தபால்தலை சேகரிப்பது போலப் பெயர் பெயராகச் சேகரிக்கிறவர்கள் இருப்பது இதனால்தான்.

ஒன்றிரண்டு டாலருக்கு இவை இரும்புச் சாமான் கடையிலும் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களிலும் கிடைத்தன. கோல்ட்டின் பெரிய ரிவால்வர் சுமார் 17 டாலர் விற்ற காலம் அது. ஒரு டாலரைச் சற்றுத் தாண்டிய நாள் கூலி வாங்கியவர் முன்னதை ஓரிரு நாள் சம்பளத்தில் வாங்கிவிடலாம். பின்னதற்கு இரண்டு வாரம் பட்டினி கிடக்க வேண்டும்.

1890களில் சைக்கிள் மோகம் பிடித்தபோது ஐவர் ஜான்சன் நிறுவனம் சைக்கிளும் செய்தது, ரிவால்வரும் செய்தது. துரத்தும் நாய்களுக்காகச் சைக்கிள்காரர்கள் குட்டி ரிவால்வர் வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட ஒரு விளம்பரம் இன்றைக்குப் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கும். படுக்கையில் ஒரு சிறுமி, கையில் ரிவால்வர். இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்ற தோரணையில் வாசகம். தவறி விழுந்தாலும் வெடிக்காத பாதுகாப்பு அமைப்பு கொண்டது என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

யார் கையில் இருக்கலாம்?

எல்லோருக்கும் எட்டுகிற ஆயுதம் என்றதும் எல்லோருக்கும் எட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. அடிமை முறை ஒழிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த தென்மாநிலங்களில் அது கூர்மையாக எழுந்தது. 1879இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. தரைப்படை, கடற்படை பயன்படுத்தும் பெரிய ரக ரிவால்வர்களைத் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது. 1881இல் அர்கன்சாவும் அதே வழியில் நடந்தது. 

சட்ட வாசகத்தில் நிறமோ சாதியோ இல்லை. சட்டைப்பையில் ஒளித்து வைக்கும் ஆயுதம் ஆபத்து, இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கும் ஆயுதம் பரவாயில்லை என்பது அதன் தர்க்கம். சண்டை சச்சரவுகளில் குட்டி ரிவால்வர்கள் உயிர்களைக் குடித்ததும் பொய்யல்ல. ஆனால் பெரிய ராணுவ ரிவால்வர் முன்னாள் போர் வீரர்களான வெள்ளையர் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்களுக்கு அதை வாங்கப் பணமும் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கும் ஏழை வெள்ளையர்களுக்கும் கட்டுப்படியானது இரண்டு டாலர் சாமான் மட்டுமே. அதுதான் தடை செய்யப்பட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தச் சட்டங்களைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவதற்குக் காரணம் இதுவே.

மலிவு என்பது குற்றமா, உரிமையா? இரண்டு தரப்புக்கும் இன்றுவரை வலுவான சாட்சிகள் இருக்கின்றன.

கை மாறிய ஆயுதம்

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டது. பயந்துபோன ஒரு முதியவர் வீட்டுப் பாதுகாப்புக்காக ஒரு ரிவால்வர் வாங்கினார். ஐவர் ஜான்சன் தயாரிப்பு, ‘கேடட்’ ரகம், .22 ரிம்ஃபயர், எட்டுத் தோட்டா. விலை 32 டாலருக்குச் சற்றுக் குறைவு. கலவரம் அடங்கியது. வீட்டில் துப்பாக்கி எதற்கு என்று அது மகளிடம் போனது. அங்கேயும் வேண்டாத பொருளாகி அண்டை வீட்டு இளைஞனிடம் போனது. அவன் அதை 25 டாலருக்கு விற்றான். 1968 ஜூன் 5 அன்று அம்பாசடர் ஓட்டலின் சமையலறைப் பாதையில் அதே ரிவால்வரால் சிர்ஹான் சிர்ஹான் ராபர்ட் கென்னடியைச் சுட்டான். மறுநாள் கென்னடி இறந்தார். 

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சல்வழி துப்பாக்கி வரவழைப்பது தனிநபர்களுக்குத் தடை செய்யப்பட்டது. விளையாட்டுக்குப் பயன்படாத மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்ற இளக்காரப் பெயர் அவற்றுக்கு அப்போது ஒட்டிக்கொண்டது.

முழுத் துப்பாக்கிக்குத்தான் தடை. உதிரிபாகங்களுக்கு இல்லை. ரோம் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பாகங்கள் அமெரிக்காவுக்கு வந்து மியாமியில் துப்பாக்கியாகப் பூட்டப்பட்டன. அப்படிப்பட்ட ஒரு .22 ரிவால்வரை டல்லஸ் நகர அடகுக்கடை ஒன்றில் வாங்கினான் ஜான் ஹிங்க்லி. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஓட்டல் வாசலில் 2 வினாடிக்குள் ஆறு முறை சுட்டான். காரில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு ஜனாதிபதி ரீகனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்தது. ரீகன் பிழைத்தார். தலையில் குண்டு பாய்ந்த பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி எஞ்சிய வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்து 2014இல் இறந்தார். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொல்லும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு முதியவரின் பயம் ஒரு தலைவரின் உயிரைக் குடித்தது. ஓர் அடகுக்கடை வியாபாரம் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியது. இந்த இரண்டு ரிவால்வர்களும் நூற்றாண்டுப் பழமை கொண்டவை அல்ல. ஆனால் டைகூனுக்கும் ரெட் ஜாக்கெட்டுக்கும் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்பதில் சந்தேகமில்லை. அதே தோட்டா, அதே மலிவு, கை மாறிக் கை மாறிப் போகும் அதே குணம்.

1898 என்னும் கோடு

இத்தனைக்குப் பிறகும் பழைய ரிவால்வர்கள் எப்படிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன? பதில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட எதுவும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். உரிமம் பெற்ற வியாபாரியிடம் போக வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம். குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியத் தடைகூட இதற்குப் பொருந்தாது. சில மாநிலங்கள் தனியாகக் கெடுபிடி செய்கின்றன என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால் அதே சட்டம் பழைய துப்பாக்கியின் புதிய நகல்களைப் பற்றிப் பேசும்போது ரிம்ஃபயரைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. இன்றும் கடையில் கிடைக்கும் ரிம்ஃபயர் தோட்டாவைப் போட முடிந்தால் நகலுக்குச் சலுகை கிடையாது. அசலுக்கு அந்தக் கேள்வியே இல்லை. 1898 டிசம்பரில் பட்டறையை விட்டு வந்த .22 ரிவால்வர் பழம்பொருள். 1899 ஜனவரியில் வந்த அதன் தம்பி ஆயுதம். இரண்டும் ஒரே அச்சு, ஒரே தோட்டா.

மற்ற நாடுகள் வேறு கோடு போட்டிருக்கின்றன. பிரிட்டன் வயதோடு தோட்டாவையும் பார்க்கிறது. தோட்டா வழக்கொழிந்து போயிருந்தால்தான் பழம்பொருள் சலுகை. இன்றும் கிடைக்கும் .22க்கு அங்கே இடமில்லை. பழம்பொருள் என்ற போர்வையில் துப்பாக்கிகள் குற்றவாளிகள் கைக்குப் போவது தெரிந்ததும் 2021இல் ஏழு வகைத் தோட்டாக்களைச் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் கறார். பழமையானதாக இருக்கலாம், வழக்கொழிந்த ரகமாக இருக்கலாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் உரிமத்திலிருந்து விலக்கு. அமெரிக்கா பிறந்த தேதியைக் கேட்கிறது, பிரிட்டன் தீனியைக் கேட்கிறது, இந்தியா பல் இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கிறது.

எதில் மயங்குகிறார்கள்?

செய்தவர் பெயரே இல்லாத ஒரு பொருளின் வயதையும் பிறப்பிடத்தையும் துப்பறிவதில்தான் சேகரிப்பாளரின் முதல் போதை. அச்சுக்கம்பியின் வடிவம், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் எண், சிலிண்டரின் பள்ளங்கள், குழலில் பொறித்த காப்புரிமைத் தேதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது வூஸ்டர் சரக்கா நார்விச் சரக்கா என்று கண்டுபிடிக்கிறார்கள். கல்வெட்டின் எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் கணிக்கிறவரின் சந்தோஷம் அது. போலிகளின் தொல்லையும் குறைவு. நூறு டாலர் பொருளுக்குப் போலி செய்ய யார் மெனக்கெடுவார்கள்?

மிச்சமிருப்பவற்றில் பல அதிகம் சுடப்படாதவை என்பது இன்னொரு கவர்ச்சி. வாங்கிய அன்று இழுப்பறைக்குள் போனது, பேரன் வீட்டைக் காலி செய்தபோதுதான் வெளியே வந்திருக்கிறது. சுட்டுத் தேய்ந்தவற்றில் மென்மையான இரும்புப் பற்கள் மழுங்கி, சிலிண்டர் குழலுக்கு நேராக நிற்காது. அது தெரியாமல் இன்றைய .22 தோட்டாவைப் போட்டுச் சுடுவது விஷப்பரீட்சை. கரிமருந்தின் மெதுவான அழுத்தத்துக்காக வார்த்த இரும்பு, புகையில்லா மருந்தின் வேகத்தைத் தாங்காமல் கையிலேயே வெடிக்கலாம். .32 ரிம்ஃபயர் கிடைப்பதே அரிது. எனவே விஷயம் தெரிந்தவர்கள் சுடுவதில்லை. எண்ணெய் துணியால் துடைத்து, பெயரைக் குறித்து, இழுப்பறையில் வைக்கிறார்கள்.

சுட விரும்புபவர்களுக்குத் தொழிற்சாலைகள் இன்றும் மலிவு .22 ரிவால்வர்களைச் செய்து தருகின்றன. பழைய பெயர்கள்தான் போய்விட்டன. ஹாப்கின்ஸ் அண்டு ஆலன் முதல் உலகப் போரின்போது நொடித்தது. ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சனின் பழைய நிறுவனம் 1986இல் மூடியது. ஐவர் ஜான்சன் 1993இல் கடையைக் கட்டியது.

சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்கு வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘சூசைட் ஸ்பெஷல்’. 1948இல் டங்கன் மெக்கானல் என்பவர் ஒரு துப்பாக்கி இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார். ஒரே ஒரு முறை உபயோகிக்க மட்டுமே லாயக்கு என்ற கிண்டல். 1958இல் டொனால்ட் வெப்ஸ்டர் இதே தலைப்பில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

கிண்டலாக வைத்த பெயரில் உண்மை ஒளிந்திருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காகவும் கலவரக்காரனுக்காகவும் இழுப்பறையில் வைத்த ஆயுதத்தை மோசமான ஒரு இரவில் வீட்டுக்காரரே கையில் எடுப்பதுதான் கொலைகளை விடவும் அதிகம் நடக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த இழுப்பறைக்குள் முதலில் நுழைந்தவை டைகூனும் டிஃபெண்டரும். ‘காப்பவன்’ என்பது பின்னதன் பொருள்.